கின்ரனைத் தொட்டியில் வளர்க்க முடியுமா?

கேட்டவர் யோகோஹாமாவில் குடியிருக்கிறார். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் வரும் கோல்டன் வீக் விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் நடந்திருக்கிறார். மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி, உச்சியில் ஏழெட்டுத் தங்க நிறப் பூ. போனில் இருக்கும் செயலி ஆர்க்கிட் என்றது. அவர் கேட்டவை இவை: இது என்ன செடி? எப்படிப்பட்ட இடத்தில் வளரும்? ஒன்றே ஒன்றை வேரோடு எடுத்துப் பால்கனித் தொட்டியில் வைக்கலாமா? அடுத்த வருடம் கோயம்புத்தூர் திரும்பும்போது கொண்டுபோக முடியுமா? அப்புறம் மகளின் கேள்வி: பூ ஏன் விரியவே இல்லை?

தொட்டிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். எடுக்காதீர்கள். சட்டம், அபராதம் எல்லாம் இருக்கின்றன, அவற்றைப் பிறகு பார்ப்போம். அதைவிடப் பெரிய காரணம், எடுத்தால் அது செத்துவிடும். எவ்வளவு பதமாக, எவ்வளவு மண்ணோடு தோண்டினாலும் பெரும்பாலும் இதே கதிதான். ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

நீங்கள் பார்த்தது கின்ரன். தாவரவியல் பெயர் செஃபலாந்தெரா ஃபல்காட்டா. ஜப்பானில் ஹொன்ஷு, ஷிகோகு, கியூஷு தீவுகளிலும், கொரியாவிலும் சீனாவிலும் வளரும் தரை ஆர்க்கிட். "கின்" என்றால் பொன், "ரன்" என்றால் ஆர்க்கிட். இதற்கு வெள்ளைப் பூ பூக்கும் தங்கை ஒருத்தி உண்டு, அவள் பெயர் வெள்ளி ஆர்க்கிட். வெள்ளிக்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல் தெரியுமா? அதுவும் நம் எழுத்தில் "கின்" தான்! பொன்னுக்கு வல்லின ககரம், வெள்ளிக்கு "கங்கை" என்னும்போது முதலில் வருகிற மெல்லிய ககரம். ஜப்பானியர் காதுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழில் எழுதினால் பொன்னும் வெள்ளியும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் இந்தப் பதிலில் கின்ரன் என்றால் பொன்னிறம்தான். மற்றதை வெள்ளி ரன் என்றே எழுதுகிறேன்.

அடையாளத்தில் குழப்பம் வர வாய்ப்பு குறைவு. ஒற்றைத் தண்டு, முப்பது முதல் எழுபது சென்டிமீட்டர் வரை உயரம். இலைகள் மாறி மாறி, அடிப்பகுதி தண்டைக் கட்டிப்பிடித்தபடி, விசிறி மடிப்பு போல நீள நரம்புகளோடு இருக்கும். உச்சியில் மூன்று முதல் பன்னிரண்டு பூ வரை, எல்லாம் மேல்நோக்கி. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் அல்லது சற்று அதிகம். உள்ளே எட்டிப் பார்த்தால் உதட்டிதழில் செங்காவி நிறத்தில் சில வரப்புகள் ஓடுவது தெரியும். வெள்ளி ரன் இதைவிடக் குள்ளம், பெரும்பாலும் ஒரு சாண் உயரம்தான். இரண்டும் ஒரே சரிவில் பத்தடி இடைவெளியில் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஃபல்காட்டா என்றால் அரிவாள் வடிவம் கொண்டது என்று பொருள். அந்தப் பெயரை 1784இல் வைத்தவர் கார்ல் பீட்டர் துன்பெரி என்ற சுவீடன்காரர், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் மாணவர். நாகசாகியில் தெஜிமா என்ற சின்னத் தீவில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக 1775, 1776இல் இருந்தவர். வெளிநாட்டவர் அந்தத் தீவைத் தாண்டி வெளியே உலாவத் தடை இருந்த காலம். ஆட்டுக்குக் கொண்டுவரும் தீவனத்தில்கூடப் புதுச் செடி ஏதாவது இருக்கிறதா என்று கிளறிப் பார்த்த மனிதர். ஊர் திரும்பும் வழியில் 1777இல் இலங்கையிலும் இறங்கிச் செடி சேகரித்தார். பெயரில் இருக்கும் அந்த அரிவாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நிஜ அரிவாள் ஒன்று வரப்போகிறது.

சரி, ஏன் தொட்டியில் வராது?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். ஜப்பான் வந்த இரண்டாம் வருடம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஒரு செடிக் கடையில் கின்ரன் தொட்டி ஒன்று விற்பனைக்கு இருந்தது. விலை அதிகமில்லை. கடைக்காரர் "நிழலில் வையுங்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள்" என்றார். ஊரில் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வளர்த்த அனுபவம் இருந்ததால் எனக்கு அசாத்தியத் தைரியம். முதல் வருடம் ஆறு பூ. ஊருக்கெல்லாம் படம் அனுப்பினேன். இரண்டாம் வருடம் தண்டு பாதி உயரம், இரண்டே இலை, பூ இல்லை. மூன்றாம் வருடம் மே முடிந்தும் மண் வெறுமனே இருந்தது. கிளறிப் பார்த்தேன். கறுத்துச் சுருங்கிப்போன வேர்த்தண்டு ஒன்று, அவ்வளவுதான்.

அந்த முதல் வருடப் பூதான் எல்லோரையும் ஏமாற்றுவது. மண்ணுக்குள் இருக்கும் வேர்த்தண்டில் போன வருடச் சேமிப்பு இருக்கும். அதை வைத்துத் தொட்டியிலும் ஒருமுறை, சில சமயம் இரண்டுமுறை பூத்துவிடும். "பார்த்தாயா, பிடித்துக்கொண்டது" என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது அது கையிருப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. வரவு நின்றுபோன வீட்டில் நகையை விற்றுச் செய்த கல்யாணம் மாதிரி.

அந்த வரவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கின்ரனின் ரகசியம். பச்சை இலை இருக்கிறது, வெயிலில் சமைத்துச் சாப்பிடுகிறது என்றுதான் பார்த்தவுடன் நினைப்போம். ஓரளவு சமைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் உணவில் கணிசமான பங்கு வெளியிலிருந்து வருகிறது. வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சைதான் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

ஆர்க்கிட் என்றாலே பூஞ்சை உறவு உண்டு, அதில் அதிசயமில்லை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். நெல்லுக்கும் பயறுக்கும் இருப்பது போல உள்ளே கட்டுச்சோறு கிடையாது. மண்ணில் விழுந்து, பொருத்தமான பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும். ஆனால் பெரும்பாலான ஆர்க்கிட்டுகள் கூட்டு வைக்கும் பூஞ்சைகள் மட்கிய இலை, பட்டை போன்றவற்றைத் தின்று தாமாகவே பிழைப்பவை. செடியும் வளர்ந்தபின் தன் காலில் நின்றுகொள்ளும். அதனால்தான் நம் வீட்டு டென்ட்ரோபியம் கரித்துண்டிலும் தேங்காய் மட்டையிலும் ஜாலியாக வாழ்கிறது.

கின்ரன் கூட்டு வைக்கும் பூஞ்சைகள் வேறு சாதி. அவை மரத்தின் வேர் நுனியைப் போர்வை போலச் சுற்றிக்கொண்டு வாழ்பவை. மண்ணிலிருந்து நீரையும் தாது உப்பையும் மரத்துக்குக் கொடுத்து, மரம் வெயிலில் சமைத்த சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன. மரம் இல்லாமல் அவற்றுக்குப் பிழைப்பில்லை. அதே பூஞ்சையின் இழை இன்னொரு பக்கம் கின்ரன் வேருக்குள் போகிறது. மரம் சமைத்த சர்க்கரை பூஞ்சை வழியாகக் கின்ரனுக்கு வந்து சேர்கிறது. மேலே நின்று பார்க்கிற நமக்கு மரம் ஒரு பக்கம், பூச்செடி ஒரு பக்கம், சம்பந்தமில்லாத இரண்டு உயிர்கள். மண்ணுக்கடியில் மூவரும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறார்கள்.

இது கதை இல்லை, அளந்து பார்த்த விஷயம். கார்பனிலும் நைட்ரஜனிலும் எடை கூடிய ரகம் ஒன்று சிறு அளவில் கலந்திருக்கும். இந்தப் பூஞ்சைகளின் உடலில் அந்தக் கனமான ரகம் பச்சைச் செடிகளில் இருப்பதைவிடக் கூடுதல். காட்டில் ஒரே நிழலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சாதாரணச் செடியின் இலையையும் கின்ரன் இலையையும் பறித்து அளந்தால், கின்ரன் பூஞ்சையின் பக்கம் சாய்ந்திருக்கும். எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு கடன் வாங்கிச் சாப்பிடுகிறது என்று கணக்கு.

இந்தக் குடும்பத்தில் கடன் வாங்குவது படிப்படியாக முற்றிப்போவதையும் பார்க்கலாம். கின்ரனுக்கு நல்ல அகலமான இலை. ஜப்பானிலேயே இதன் உறவினரில் ஒன்றான செஃபலாந்தெரா சபஃபில்லாவுக்கு இலை பெயருக்குத்தான், செதில் மாதிரி. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இருக்கும் செஃபலாந்தெரா ஆஸ்டினியேவிடம் பச்சையம் என்பதே இல்லை. தண்டு, பூ எல்லாம் வெள்ளை வெளேர் என்று, இருட்டுக் காட்டில் மெழுகுவத்தி நட்டு வைத்தது போல நிற்கும், சோறு முழுக்க அடுத்தவர் வீட்டில்தான். ஐரோப்பாவில் இருக்கும் இனங்களில் எப்போதாவது பச்சையமே இல்லாத வெள்ளைச் செடி ஒன்று முளைக்கும். வேறு செடியாக இருந்தால் முளைத்த சில நாளில் செத்திருக்கும். இவை வருடக்கணக்கில் உயிரோடு இருந்து பூக்கவும் செய்கின்றன.

இப்போது உங்கள் பால்கனித் தொட்டியை நினைத்துப் பாருங்கள். செடியை எடுத்தீர்கள், மண்ணையும் எடுத்தீர்கள், பூஞ்சையும் கொஞ்சம் வந்தது. மரம் வரவில்லை. சில வாரத்தில் பூஞ்சைக்குப் பட்டினி, பிறகு செடிக்குப் பட்டினி. உரம் போட்டால் பிழைக்குமா என்று கேட்பார்கள். கேள்வி தப்பு. அதற்குத் தேவை சர்க்கரை, அதை நாம் வேரில் ஊற்ற முடியாது.

மரத்தையும் சேர்த்துத் தொட்டியில் வைத்தால்? புத்திசாலித்தனமான கேள்வி, ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைத்தான் செய்து பார்த்தார்கள். யாகாமே, யமாட்டோ இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கொனாரா என்ற ஓக் மரக் கன்று, காட்டிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்த பூஞ்சை, கின்ரன் ஆகிய மூன்றையும் ஒரே தொட்டியில் சேர்த்தார்கள். கின்ரன் மண்ணுக்குள்ளேயே வேர் விட்டு வளர்ந்தது. மேலே இலை எட்டிப் பார்க்கும் முன்பே, வெயிலே படாமல், கடன் சோற்றில் மட்டும் வளர முடியும் என்று அது காட்டியது. ஆய்வுக்கூடம், நுண்ணுயிர் நீக்கிய மண், வருடக்கணக்கான பொறுமை எல்லாம் இருந்தால் முடியும். உங்களுக்கும் எனக்கும் இருப்பது துணி காயப்போடும் பால்கனி.

வாழிடத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அருகிவரும் ஆர்க்கிட் என்றதும், மனிதன் கால் படாத அடர்ந்த காட்டில் இருக்கும் என்று மனம் கற்பனை செய்யும். கின்ரன் அங்கே இருக்காது. அதற்குப் பிடித்தது ஊரை ஒட்டின காடு, ஜப்பானியர் சதோயாமா என்று சொல்வது. "சதோ" ஊர், "யாமா" மலை. விவசாயிகள் நூற்றாண்டுக் கணக்கில் வெட்டி, அள்ளி, பெருக்கி, பயன்படுத்தி வந்த குன்றுக் காடு.

அதில் முக்கிய மரங்கள் இரண்டு: கொனாரா, குனுகி. இரண்டும் இலையுதிர்க்கும் ஓக் வகை. பதினைந்து, இருபது வருடத்துக்கு ஒருமுறை இவற்றை அடியோடு வெட்டுவார்கள். அடிக்கட்டையிலிருந்து பல தண்டுகள் கிளம்பும், அவற்றில் நல்லதாகச் சிலவற்றை விட்டு மற்றதைக் கழிப்பார்கள். வெட்டியதில் விறகும் கரியும் ஆகும். தேநீர்ச் சடங்குக்குக் குனுகிக் கரி, காளான் வளர்க்கக் கொனாராக் கட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. குளிர்காலத்தில் உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளி உரக்குழியில் போடுவார்கள். இடையில் முளைக்கும் புதரையும் குறுமூங்கிலையும் அரிவாளால் அறுத்துவிடுவார்கள்.

இதில் கின்ரனுக்கு என்ன லாபம்? எல்லாமே லாபம். ஏப்ரல் தொடக்கத்தில் ஓக் இன்னும் முழுதாக இலை விட்டிருக்காது, தரை வரை வெயில் இறங்கும். மண்ணிலிருந்து எழுந்து வரும் கின்ரனுக்கு அந்தச் சில வாரம் பொன்னான நேரம். மே கடைசியில் மேலே கூரை மூடிக்கொள்ளும், கோடைச் சூடு தாக்காது. இலைச் சருகு அள்ளப்படுவதால் தரையில் மெத்தை கட்டாது. புதர் இல்லாததால் காற்றும் ஒளியும் கிடைக்கும். கீழே ஓக் வேரில் பூஞ்சை. விவசாயி தன் அடுப்புக்காகவும் வயலுக்காகவும் செய்த வேலை, அவருக்கே தெரியாமல் ஒரு பூவுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது. வெள்ளி ரன், ஷுன்ரன், எபினே போன்ற மற்றத் தரை ஆர்க்கிட்டுகளும் அதே வீட்டில் குடித்தனம்.

டோக்கியோவுக்கு வடமேற்கே சைதாமா மாவட்டத்தில் சந்தோமே என்ற பகுதி இருக்கிறது, முடிந்தால் போய்ப் பாருங்கள். 1694இல் தொடங்கி இரண்டே வருடத்தில் வகுத்த குடியேற்ற நிலம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நீளப் பட்டை: சாலையோரம் வீடு, நடுவில் வயல், கடைசியில் காடு. அந்தக் காட்டின் சருகுதான் வயலுக்கு உரம். இன்றும் சிலர் அந்த முறையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிடுகிறார்கள். ஐநாவின் உணவு, வேளாண்மை அமைப்பு 2023இல் இதை உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக அங்கீகரித்தது. தரை அங்கே தட்டையாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்தக் காட்டை "யாமா", அதாவது மலை என்றுதான் சொல்கிறார்கள். மரம் இருந்தால் மலை, அவ்வளவுதான்.

1950களின் பிற்பாதியிலும் 60களிலும் இந்த ஏற்பாடு மளமளவென்று சரிந்தது. சமையலறைக்கு எரிவாயு வந்தது, குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, வயலுக்கு மூட்டை உரம் வந்தது. விறகும் சருகும் யாருக்கும் வேண்டாதவை ஆயின. ஒரு பக்கம் காட்டையே அழித்து வீடு கட்டினார்கள். டோக்கியோவின் மேற்கே தாமா குன்றுகளில் 1965இல் திட்டமிட்டு, 1971இல் முதல் குடிகள் வந்த தாமா நியூ டவுன் 2,800 ஹெக்டேருக்கும் அதிகம். உங்கள் யோகோஹாமாவின் வடக்குப் பகுதியும் அப்படி வந்ததுதான். இன்னொரு பக்கம், மிச்சமிருந்த காட்டைச் சும்மா விட்டுவிட்டார்கள்.

சும்மா விடுவது நல்லதுதானே என்று தோன்றும். நானும் வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இங்கே அறுக்காமல் விட்டால் குறுமூங்கில் ஆளுயரத்துக்கு மேல் எழும்பித் தரையை மூடிவிடும். அதன் மேலே பசுமை மாறா மரங்கள் தலைகாட்டி, வசந்த வெயிலையும் நிறுத்திவிடும். கின்ரன் சில வருடம் இலை மட்டும் விடும், பிறகு பூமிக்குள்ளேயே படுத்துவிடும், பிறகு இல்லாமல் போகும். வீடு கட்டியவர்களும் அழித்தார்கள், கைவிட்டவர்களும் அழித்தார்கள், பூ அழகாக இருக்கிறது என்று தோண்டியவர்கள் மிச்சத்தை அழித்தார்கள். ஒரு காலத்தில் சாதாரணமாகப் பார்க்கக் கிடைத்த செடி 1997இல் ஜப்பானின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனமாக ஏறியது.

இப்போது பல குன்றுகளில் தன்னார்வக் குழுக்கள் பழைய விவசாயியின் வேலையைச் செய்கின்றன. நானும் எங்கள் பகுதிக் குழுவோடு குளிர்காலத்தில் போவதுண்டு. பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டிய தாத்தாக்கள், கையில் அரிவாள், கழுத்தில் துண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அறுப்பு, அப்போது கின்ரன் மண்ணுக்கடியில் தூங்குகிறது. தப்பித் தவறி மே, ஜூனில் இயந்திரத்தை ஓட்டினால் அந்த வருடச் சம்பாத்தியம் போச்சு. அதனால் பூத்த செடிக்குப் பக்கத்தில் அடையாளக் குச்சி நடலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு வசந்தத்திலும் சண்டை வரும். நட்டால் புல் வெட்டுபவருக்குத் தெரியும், திருடனுக்கும் தெரியும். ஒரு வருடம் பதினொரு குச்சி நட்டோம். மறுவாரம் போனபோது நான்கு குச்சியின் கீழே குழிதான் இருந்தது. அந்த நான்கு செடியும் இப்போது எங்கும் உயிரோடு இருக்காது என்று என்னால் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்ல முடியும்.

குறுமூங்கிலை அறுத்த இரண்டு மூன்று வருடத்தில், கின்ரனே இல்லை என்று நினைத்த சரிவில் திடீரென்று ஐந்தாறு தண்டு எழும்பும். புதிதாக விதை விழுந்து வந்தவை என்று நினைக்க வேண்டாம். விதை முளைத்துப் பூக்கிற அளவுக்கு வளரப் பல வருடம் ஆகும். இவை இலை விடாமல் உள்ளே படுத்துக் கிடந்த பழைய ஆட்கள். மரத்திடமிருந்து வரும் கடன் சோறு இருந்ததால் தாக்குப்பிடித்திருக்கின்றன.

இன்னொரு விசித்திரம். சில சமயம் குடியிருப்பு வளாகத்துப் புல்தரையிலும், பூங்கா நடைபாதை ஓரத்திலும் கின்ரன் தலைகாட்டும். தோட்டக்காரர் நட்ட ஓக் வரிசை இருக்கும், புல் ஒழுங்காக வெட்டப்படும், வெயில் விழும். அதற்கு வேண்டியது காடு என்ற பெயர்ப்பலகை இல்லையே. ஓக் வேரும் வெட்டுகிற கையும் இருந்தால் போதும்.

எதிரிகளில் மனிதனைத் தவிர இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, ஜப்பனக்ரோமைசா தொகுனகாய் என்ற குட்டி ஈ. இதன் புழு காய்க்குள் புகுந்து விதையைத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் காய் நன்றாகவே இருக்கும், உடைத்தால் உள்ளே கறுப்பு. சில இடங்களில் ஒரு நல்ல காய்கூடத் தேறாது, அதனால் பூ உதிர்ந்ததும் மெல்லிய துணிப்பை கட்டிக் காக்கிறார்கள். இரண்டாவது எதிரி கின்ரனைத் தொடாது, அதன் அன்னதாதாவைக் கொல்லும். ஒரு சிறு வண்டு கொனாராத் தண்டைத் துளைத்து, கூடவே ஒரு நோய்ப் பூஞ்சையைக் கொண்டுபோகிறது. கோடை நடுவில் மரம் செம்மண் நிறத்தில் வாடி நிற்கும். வண்டுக்கு முதிர்ந்த பருத்த தண்டுதான் பிடிக்கும். முன்பு இருபது வருடத்தில் வெட்டிவிட்டதால் மரம் பருக்கவே இல்லை. இப்போது அறுபது வருடமாக யாரும் வெட்டவில்லை, எங்கு பார்த்தாலும் பருத்த மரம். டோக்கியோவைச் சுற்றிய குன்றுகளில் சமீப வருடங்களில் இது நிறையவே தெரிகிறது. மரம் செத்தால் வேரில் இருக்கும் பூஞ்சையின் கதி என்ன, அதை நம்பியிருக்கும் கின்ரனின் கதி என்ன என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சாலையோ கட்டடமோ வரும்போது "கின்ரனை இடமாற்றம் செய்துவிட்டோம்" என்று அறிக்கையில் எழுதுவார்கள். பெரிய மண்கட்டியோடு தூக்கி, ஓக் மரத்தடியிலேயே நட்டு, வேலி போட்டுப் படமும் எடுத்திருப்பார்கள். மறு வருடம் பூக்கும், நான் முன்னே சொன்ன அதே சேமிப்புக் கணக்கு. புது இடத்து வேர்களோடு உறவு கூடினால் பிழைக்கும், சில பிழைக்கவும் செய்கின்றன. பெரும்பாலும் எண்ணிக்கை வருடாவருடம் தேய்கிறது. இடமாற்றத்தை நான் அடியோடு எதிர்க்கவில்லை. புல்டோசர் வரப்போகிற இடத்தில் வேறு வழி இல்லை. ஆனால் அதைத் தீர்வு என்று சொல்வது கூசாமல் சொல்கிற பொய்.

இனி கோயம்புத்தூர். உலகத்தில் உள்ள ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. காட்டு ஆர்க்கிட்டை நாடு விட்டு நாடு கொண்டுபோக ஏற்றுமதி அனுமதி வேண்டும். இந்தியாவுக்குள் எந்தச் செடியைக் கொண்டுவரவும் இறக்குமதி அனுமதியும் நோயில்லாச் சான்றிதழும் வேண்டும். பூங்காவில் செடி பறிக்கவே இங்கே தடை. இவ்வளவையும் தாண்டிக் கொண்டுபோனாலும், நம் ஊரில் அதற்குக் கொனாராவும் இல்லை, குளிர்காலத் தூக்கமும் இல்லை.

பொன்னிறத் தரை ஆர்க்கிட் நம் பக்கத்திலும் உண்டு, ஊருக்குப் போனால் அதைத் தேடுங்கள். கேரளப் பக்க மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்சியா மலபாரிகா. நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1980களில் சைலன்ட் வேலிப் பகுதியில் மறுபடி கிடைத்தது. அதன் உறவு இப்சியா ஸ்பெசியோசா இலங்கை மலைநாட்டுப் புல்வெளிகளில் பூக்கும். சிங்களத்தில் நாகமரு அல என்பார்கள். கிழங்கில் வசிய சக்தி இருக்கிறது என்று நம்பித் தோண்டியே அதைக் குறைத்துவிட்டார்கள். அவை திறந்த புல்வெளிச் செடிகள், நிறத்தைத் தவிரக் கின்ரனோடு வேறு ஒற்றுமை பார்க்க வேண்டாம்.

பார்த்து ரசிக்க உங்களுக்கு இங்கேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. தச்சிகாவாவில் இருக்கும் ஷோவா நினைவுப் பூங்காவின் ஓக் குன்று, சைதாமாவில் முசாஷி குன்றுகள் தேசிய அரசுப் பூங்கா, டோக்கியோவில் மெகுரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இயற்கைக் கல்விப் பூங்கா ஆகிய மூன்றிலும் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரை பார்க்கலாம். முசாஷி பூங்காவில் கூட்டம் கூட்டமாக நிற்கும். படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்காதீர்கள். பூக்காத இளசுகள் இலை இரண்டோடு சருகுக்குள் இருக்கும், கால் எங்கே படுகிறது என்று தெரியாது. உங்கள் குன்றில் பார்த்ததைப் படமாகப் போடுவதானால் இடத்தின் பெயரை எழுதாதீர்கள், போன் படத்தோடு சேர்ந்து போகும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். குச்சிக் கதையைச் சொன்னேனே.

கடைசியில் உங்கள் மகளுக்கு. கின்ரன் எப்போதுமே அகல விரியாது, பாதி திறப்பதுதான் அதன் முழு விரிவு. அதுவும் வெயில் படும்போதுதான். மேகம் மூடினாலும் மாலையானாலும் வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் அன்று போனது எத்தனை மணிக்கோ தெரியாது. வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, பதினொரு மணி வாக்கில் இன்னொரு தடவை கூட்டிப் போங்கள். அவள் உயரத்துக்குப் பூ சரியாக இருக்கும், குனிந்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செங்காவி வரப்புகள் எத்தனை என்று அவளே எண்ணட்டும்.